கையகலச் செய்மதியின் மின்வரவும் செலவும்

நோன்பு மாதம் முடியும் மாலைப்பொழுதிலே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் மக்கள் மேற்குத் திசையை நோக்கி நிற்பது வழக்கம். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. அவ்வயல்வெளிக்கு மேலாகத் தலைப்பிறை தென்படுகிறதா என்று தேடும் கண்களுக்கு, இருள் பரவத் தொடங்கிய பின்னர், சில நாட்களில் வேறொரு காட்சியும் கிட்டுவதுண்டு. விண்மீன் போன்ற ஓர் ஒளிப்புள்ளி, சிமிட்டாமலும் ஓசையின்றியும் வானத்தின் குறுக்கே நகர்ந்து செல்லும். சில நிமிடங்களில், முகில் எதுவும் மறைக்காதிருக்கவும், நடுவானிலேயே அவ்வொளி மங்கி மறைந்துபோகும்.

அவ்வாறு தோன்றி மறைவது பூமியைச் சுற்றிவரும் செய்மதியாகும். தரையில் நிற்போருக்குச் சூரியன் மறைந்துவிட்டபோதிலும், 400 கிலோமீற்றர் உயரத்தில் வெயில் இன்னும் எறித்துக்கொண்டிருக்கும். அவ்வெயில் பட்டே செய்மதி ஒளிர்கின்றது. பூமியின் நிழலுக்குள் அது நுழைந்ததும் ஒளி அணைகின்றது. தரையில் வாழ்வோருக்கு ஒரு நாளில் ஒரே மஃரிபு வேளை. அந்த உயரத்தில் சுற்றும் செய்மதிக்கோ ஒரு நாளில் பதினைந்து அந்திப் பொழுதுகள் வரும். ஒவ்வோர் அந்தியிலும் அதற்கு மின்சாரம் தரும் ஊற்று அடைபட்டுவிடுகின்றது. நிழலைக் கடந்து மறுபுறம் வரும்வரை அது எதைக்கொண்டு உயிர்வாழ்கிறது? செய்மதி எவ்வளவுக்கெவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கவ்வளவு இக்கேள்வி கடுமையானதாகின்றது.

இலங்கையின் பெயரால் விண்ணுக்குச் சென்ற இராவணா-1 என்னும் செய்மதி இத்தகைய மிகச் சிறிய வகையைச் சேர்ந்தது. அதன் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம், நீளம் 11.3 சென்ரிமீற்றர், அகலமும் தடிப்பும் பத்துப் பத்துச் சென்ரிமீற்றர். ஒரு கையில் ஏந்தக்கூடிய பெட்டி அது. ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் ஆதரவுடன், யப்பானிலுள்ள கியூசு தொழில்நுட்ப நிறுவகத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே ஆகிய இலங்கைப் பொறியியலாளர் இருவர் அதனை வடிவமைத்தனர். நேபாளத்தின் செய்மதியும் யப்பானின் செய்மதியும் அதனோடு ஒருங்கே உருவாயின. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட ரொக்கெற்று அதனைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுசென்றது. அவ்வாண்டு ஜூன் 17ஆந் திகதி அந்நிலையத்திலிருந்து அது விண்ணில் விடப்பட்டது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாயினும், அதன் உள்ளே கமராவும் வானொலிக் கருவியும் கணிப்பொறியும் இருந்தன. இவை அனைத்துக்கும் வேண்டிய மின்சாரத்தை அந்தச் சிறு பெட்டியே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

செய்மதிகளின் வரலாற்றில் மின்சாரத்தின் அருமை தொடக்கத்திலேயே உணரப்பட்டது. 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி சோவியத் ஒன்றியம் ஏவிய முதலாவது ஸ்புட்னிக்கின் நிறை 83.6 கிலோகிராம். அதில் பாதிக்கும் மேற்பட்ட நிறை மின்கலங்களுக்கே உரியதாயிருந்தது. அம்மின்கலங்களை மீண்டும் நிரப்புவதற்கு வழி இருக்கவில்லை. மூன்று வாரங்களில் அவை வற்றின. உலகெங்கும் வானொலிப் பெட்டிகளில் கேட்ட அதன் குரலும் ஓய்ந்தது. செய்மதி மேலும் பல வாரங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஊமையாகவே சுற்றியது.

அடுத்த ஆண்டு மார்ச் 17ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா வான்கார்ட்-1 என்ற செய்மதியை ஏவியது. அதன் நிறை ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதனுள் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. ஒன்று மின்கலத்தால் இயங்கியது. மற்றையது ஆறு சிறிய சூரியக் கலங்களால் இயங்கியது. மின்கலத்தை நம்பிய ஒலிபரப்பி 1958 ஜூன் மாதத்திலே நின்றது. சூரியக் கலங்களை நம்பியதோ 1964ஆம் ஆண்டு மே மாதம்வரை பேசிற்று. கொண்டுசென்ற கட்டுச்சோற்றை உண்டு பயணஞ் செய்வதற்கும், போகும் வழியில் உழைத்து உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு ஒலிபரப்பிகளும் தெளிவாக்கின. அன்றுமுதல் பூமியைச் சுற்றும் செய்மதிகளுட் பெரும்பாலானவை சூரியனிடமே மின்சாரம் பெறுகின்றன.

சூரியனின் கொடை எவ்வளவு? பூமிக்கு அருகே, வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேர்முகமாக வைத்த ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது ஏறத்தாழ 1360 வாற்று வலு விழுகின்றது. பத்துச் சென்ரிமீற்றர் சதுரமான ஒரு முகத்தின்மீது விழுவது இதன் நூற்றிலொரு பங்கு, அதாவது 13.6 வாற்று. அம்முகம் முழுவதையும் கலங்களால் மூட இயலாது. வழக்கமாக ஒட்டப்படும் இரண்டு கலங்கள் 60 சதுர சென்ரிமீற்றரையே நிரப்பும். அவற்றின்மீது விழும் எட்டு வாற்றில், விண்வெளிக்கென்று செய்யப்பட்ட உயர்தரக் கலங்கள்கூடப் பத்தில் மூன்று பங்கையே மின்சாரமாக்குகின்றன. கல்முனையில் வீட்டுக் கூரைகளின்மேல் காணப்படும் சிலிக்கன் தகடுகள் மாற்றுவது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. எனவே, எல்லாம் நன்றாய் அமைந்தால் ஒரு முகம் தருவது இரண்டரை வாற்றுக்கும் குறைவே. வீட்டில் எரியும் சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றுக்கும் இது போதாது.

செய்மதி உருண்டுகொண்டே செல்வதால், எந்த முகம் எப்போது சூரியனைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு முகத்தை மட்டும் நம்பாமல், கமராவுக்கும் வானலை வாங்கிக்கும் இடம் விட்டு, ஏனைய முகங்கள் எல்லாவற்றிலும் கலங்களை ஒட்டிவிடுகின்றனர். ஒரே வேளையில் மூன்று முகங்களுக்கு மேல் வெயில் படாது. படும் முகங்களிலும் அது சாய்வாகவே விழும். வெயிலில் கலங்கள் சூடேறினால் அவற்றின் மின்னழுத்தமும் குறையும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், வெயிலில் இருக்கும் நேரத்துக்குச் சராசரியாக இரண்டு வாற்று வரவு என்று கொள்வது பொருந்தும்.

இவ்வரவும் தொடர்ச்சியானதன்று. 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி ஏறத்தாழ 92 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றுகின்றது. அதில் 36 நிமிடம்வரை இருளில் கழியும். எஞ்சிய 56 நிமிட வெயிலில் ஈட்டியதைக்கொண்டே முழுச் சுற்றையும் ஓட்டியாக வேண்டும்.

அம்பாறைக் கரையோரத்து உழவருக்கு இந்நிலை புதியதன்று. வாடைக்காற்றோடு வரும் மழை சில மாதங்களே பெய்கின்றது. அம்மழைநீர் ஓடிக் கடலிற் சேர்ந்துவிட்டால் சிறுபோகத்துக்கு நீர் ஏது? 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டதும், சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவானதும் இதன்பொருட்டே. சம்மாந்துறை வயல்கள் வெயிற்காலத்திலும் பசுமையாயிருப்பது அத்தேக்கத்தின் பயன். செய்மதிக்கு மின்சேமிப்புக் கலமே அத்தகைய தேக்கம். வெயிலில் அது நிரம்புகின்றது. நிழலில் அது திறந்துவிடப்படுகின்றது.

ஆனால், இந்தத் தேக்கத்துக்கு ஒரு குறையுண்டு. நிரப்புவதும் வடிப்பதும் நிகழுந்தோறும் மின்சேமிப்புக் கலம் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. கைத்தொலைபேசியை நாளுக்கு ஒருமுறை மின்னேற்றுவோர் ஆண்டில் 365 முறை ஏற்றுகின்றனர். செய்மதியோ ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மின்னேறி இறங்குவதால், ஓராண்டில் ஐயாயிரத்தைந்நூறு தடவைக்கு மேல் இத்தேய்வுக்கு உட்படுகின்றது. கைத்தொலைபேசி பதினைந்து ஆண்டில் காண்பதைச் செய்மதி ஓராண்டிற் கண்டுவிடுகின்றது.

இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி எளியது. கலத்தை ஒருபோதும் முழுவதும் வடியவிடுவதில்லை. நிழற்பொழுதுக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு கொள்ளக்கூடிய கலத்தை வைத்து, அதில் ஐந்திலொரு பங்கையோ அதனினும் குறைவாகவோ எடுத்துக்கொள்கின்றனர். ஆழமாக வடிக்கப்படும் கலம் சில நூறு சுற்றில் நலிகின்றது. மேலோட்டமாக எடுக்கப்படும் கலம் பல்லாயிரம் சுற்றுக்குத் தாங்குகின்றது. குளிரும் மற்றொரு பகை. இன்று பெரிதும் வழங்கும் இலிதியம் அயன் கலங்களை நீர் உறையும் வெப்பநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அவை உள்ளே பழுதுபடும். அதனால் கலத்தைச் செய்மதியின் நடுவில் வைத்து, அதனருகே சிறிய சூடேற்றியும் அமைக்கின்றனர். அச்சூடேற்றியும் அதே கலத்திலிருந்து மின்சாரம் கேட்கும் என்பதைக் கணக்கில் விடக்கூடாது.

சூரியக் கலத்திலிருந்து மின்சாரத்தை எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. துலாக் கிணற்றில் நீர் இறைப்பவரை எண்ணிப் பார்க்கலாம். மிகப் பெரிய வாளியைக் கட்டினால் கை தளர்ந்து ஒருசில தடவைகளே இறைக்க முடியும். மிகச் சிறிய வாளியாயின் பலமுறை இறைத்தாலும் தொட்டி நிரம்பாது. இடைப்பட்ட ஓர் அளவிலேதான் நீர் மிகுதியாகக் கிடைக்கும். சூரியக் கலமும் அத்தகையதே. அதிலிருந்து மின்னோட்டத்தை அளவுக்கு மீறி இழுத்தால் மின்னழுத்தம் வீழ்ந்துவிடும். மிகக் குறைவாக இழுத்தால் மின்னழுத்தம் உயர்ந்தும் பயன் இல்லை. மின்னோட்டமும் மின்னழுத்தமும் பெருகிவரும் தொகையே வலுவாதலால், அத்தொகை உச்சமாகும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வெயிலின் சாய்வும் கலத்தின் சூடும் மாறமாற அவ்விடமும் மாறும். ஆதலால் ஒரு மின்சுற்று இடைவிடாது சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்து, உச்சத்தைத் தொடர்ந்துகொண்டே இருக்கின்றது.

தேக்கத்தில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பங்கிட ஒருவர் வேண்டும். கரையோர வயல்களிலே வட்டை விதானையார் செய்யும் பணி அதுவாகும். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எவர் வயலுக்கு எவ்வளவு விடுவது என்று முறை வகுப்பவர் அவர். செய்மதியில் இப்பணியை மின்வலுப் பகிர்வுப் பலகை செய்கின்றது. கணிப்பொறிக்கு 3.3 வோல்ற்று வேண்டும். வேறொரு கருவிக்கு 5 வோல்ற்று வேண்டும். சேமிப்புக் கலத்தின் மின்னழுத்தமோ ஏறியும் இறங்கியும் நிற்கும். அதனை ஒவ்வொரு கருவிக்கும் ஏற்ற நிலையான அளவாக்கிப் பகிர்வது அப்பலகையின் கடமை.

அதற்கு வேறொரு கடமையும் உண்டு. விண்ணில் விரைந்து செல்லும் மின்னேற்றத் துணிக்கை ஒன்று, நுண்மின் கருவியின் உள்ளே பாய்ந்து, மின்சாரம் தடையின்றி ஓடும்படி குறுக்குவழி திறந்துவிடக்கூடும். உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுத்தால் கருவி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், தாமதித்தால் எரிந்துபோகும். வீட்டில் மின்கோளாறு ஏற்பட்டால் துண்டிப்பான் விழுகின்றது. ஒருவர் சென்று அதனைத் தூக்கிவிடுகின்றார். விண்ணிலே தூக்கிவிட ஒருவரும் இல்லை. விழுவதும் எழுவதும் தானாகவே நடைபெறல் வேண்டும்.

இனி வரவு செலவுக் கணக்கைப் பார்க்கலாம். இரண்டு வாற்று வீதம் 56 நிமிடத்துக்கு வரவு ஏறத்தாழ 1.9 வாற்று-மணி. கணிப்பொறி, வானொலி வாங்கி, சூடேற்றி ஆகியவை எப்போதும் சேர்ந்து ஒரு வாற்றுக் கேட்பதாகக் கொண்டால், சேமிப்பில் ஏற்படும் இழப்பையும் கூட்ட, ஒரு சுற்றுக்குச் செலவு 1.6 வாற்று-மணி. மிச்சம் 0.3. இந்நிலையில் செய்மதி தான் எடுத்த படத்தைத் தரைக்கு அனுப்ப விரும்புகின்றது. ஒலிபரப்பி மூன்று வாற்றை மேலதிகமாகக் கேட்கும். பத்து நிமிடம் பேசினால் செலவு 0.5 வாற்று-மணி. மிச்சமோ 0.3தான். ஆகவே அந்தச் சுற்றில் 0.2 கடன் விழுகின்றது. அடுத்த சுற்றில் பேசாதிருந்தால் கடன் அடைபடும். ஒவ்வொரு சுற்றிலும் பேசினால் தேக்கம் வற்றும். வீட்டு மின்பட்டியலில் ஓர் அலகு எனக் குறிக்கப்படுவது ஆயிரம் வாற்று-மணி. இக்கணக்கின்படி அந்த ஓர் அலகை ஈட்டுவதற்கு இத்தகைய செய்மதி ஒரு மாதத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

போகம் தொடங்குமுன் உழவரும் அதிகாரிகளும் கூடி, குளத்து நீரை அளந்து, இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டில் விதைப்பையும் குறைப்பர். செய்மதியும் அவ்வாறே செய்யும்படி அமைக்கப்படுகின்றது. சேமிப்புக் கலத்தின் மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் முதலில் கமரா நிறுத்தப்படும். பின்பு பெரிய ஒலிபரப்பி நிறுத்தப்படும். கட்டளையைக் கேட்கும் வாங்கியும், கலத்தைக் காக்கும் சுற்றுமே இறுதிவரை விழித்திருக்கும்.

பிறந்த முதல் மணித்தியாலமே இத்தகைய செய்மதிக்குப் பெருஞ் சோதனையாகும். விண்வெளி நிலையத்தில் மனிதர் வாழ்வதால், அங்கு கொண்டுசெல்லப்படும் சிறு செய்மதி எதுவும் மின்னோட்டமின்றி உறங்கியபடியே இருத்தல் வேண்டும். வெளியேற்றும் பெட்டிக்குள் அதன் ஆளிகள் அழுத்தப்பட்டுள்ளன. வெளியே தள்ளப்பட்டதும் அவை விடுபட்டு மின்சாரம் ஓடத் தொடங்கும். அதன்பின்னரும் அரைமணி நேரம் ஒலிபரப்பு எதுவும் செய்யலாகாது. அந்நேரத்துக்குப் பின்பு, மடித்துக் கட்டப்பட்ட வானலை வாங்கியின் நூலைச் சூடான கம்பி ஒன்று எரித்து அறுக்கும், வாங்கி விரியும். சேமித்து வைக்கப்பட்ட மாதங்களில் கலம் தானாக வடிந்திருந்தால், அக்கம்பியைச் சூடாக்கவும் வலு இராது. அந்தச் செய்மதி வாய்திறவாமலே போய்விடும்.

இது வெறும் அச்சமன்று. பத்துச் சென்ரிமீற்றர்க் கனவடிவச் செய்மதி என்னும் அளவு 1999ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் பேராசிரியர் இருவரால் வகுக்கப்பட்டது. அவ்வகைச் செய்மதிகள் முதன்முதலில் 2003 ஜூன் 30ஆந் திகதி ஏவப்பட்டன. அதன்பின் உலகின் பல்கலைக்கழகங்கள் பல தம் மாணவரைக்கொண்டு இத்தகையவற்றைச் செய்துள்ளன. தமிழ்நாட்டில் சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர் செய்த ஒன்றரைக் கிலோகிராம் செய்மதி 2016 ஜூன் 22ஆந் திகதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து சென்றது. ஆயினும், முதன்முறையாக முயன்ற பலருடைய செய்மதிகள் ஏவிய சில நாட்களிலேயே மௌனமாயின. அவ்வாறு மௌனமானதன் காரணங்களை ஆராய்ந்தோர், மின்வலு அமைப்பின் பழுதை முன்னிடத்தில் வைக்கின்றனர்.

இதற்கு மாறான அரிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பொழுதுபோக்கு வானொலியாளர் 1974ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அனுப்பிய ஒஸ்கார்-7 என்னும் செய்மதி, 1981ஆம் ஆண்டில் மின்சேமிப்புக் கலம் பழுதுபட்டு ஓய்ந்தது. பழுதுற்ற கலம் உள்ளே குறுக்குச்சுற்றாகி, சூரியக் கலங்கள் ஈட்டிய அனைத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இருபத்தொரு ஆண்டு கடந்து, 2002 ஜூன் 21ஆந் திகதி அதன் குரல் மீண்டும் கேட்டது. காலப்போக்கில் அக்கலத்தின் குறுக்குச்சுற்று அறுபட்டதே அதற்குக் காரணம். விழுங்கும் வாய் அடைபட்டதும், சூரியக் கலங்களின் மின்சாரம் நேரே கருவிகளுக்குச் சென்றது. ஆனால், தேக்கம் இல்லாத வாழ்வாதலால், வெயிலில் விழிப்பதும் நிழலில் அணைவதுமாக அது சுற்றலாயிற்று. கெட்டுப்போன சேமிப்பு, சேமிப்பே இல்லாமையிலும் கொடியது என்பதை அந்த இருபத்தொரு ஆண்டு மௌனம் காட்டிற்று.

இத்துணைச் சிறிய கருவியின் பொருட்டு இத்துணைக் கவலை ஏன் என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதியை இக்கரையோரம் மறக்கவில்லை. கடல் எழுந்து வந்த அந்தக் காலையில் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் பெருந்தொகை உயிர்களை இழந்தன. எச்சரிக்கை எதுவும் முன்னே வரவில்லை. வந்த பின்னரோ மின்கம்பங்களும் தொலைபேசித் தொடர்புகளும் சிதைந்துகிடந்தன. இன்று இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு உண்டு. ஆழ்கடலின் அடியில் அழுத்தத்தை அளக்கும் கருவியின் செய்தி, மேலே மிதக்கும் மிதவையை அடைந்து, அங்கிருந்து செய்மதிக்கு ஏறித் தரைக்கு வருகின்றது. தரையில் மின்சாரம் அற்றுப்போன வேளையிலும் வானத்துச் செய்மதிக்குத் தன் மின்சாரம் தன்னிடமே உண்டு என்பது இவ்வமைப்பின் வலிமையாகும்.

அப்பொறுப்பு இன்று பெருஞ் செய்மதிகளுக்குரியது. எனினும், ஆற்றின் நீர்மட்டம், குளத்தின் கொள்ளளவு, மழையின் அளவு ஆகியவற்றைத் தொலைதூரக் கருவிகளிடமிருந்து கேட்டுச் சொல்லும் பணியைச் சிறு செய்மதிகளிடம் ஒப்படைக்கலாம். மிகக் குறைந்த வலுவில் நெடுந்தூரம் செய்தி அனுப்பும் லோரா என்னும் முறையைச் சோதிப்பது இராவணா-1இன் நோக்கங்களுள் ஒன்றாய் இருந்ததும் இது கருதியே. குறைந்த வலுவிற் பேசக் கற்ற செய்மதி, அதே வரவைக்கொண்டு அடிக்கடி பேசலாம். மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பது செய்தியிற் கூட்டுவதாகும்.

இராவணா-1 பத்தாயிரம் தடவைக்கு மேல் பூமியைச் சுற்றிய பின்னர், 2021ஆம் ஆண்டில் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோயிற்று. அது கற்பித்த கணக்கு எரியவில்லை. சூரியக் கலம் ஒன்று, மீள மின்னேற்றக்கூடிய பற்றரி ஒன்று, சிறிய மின்விளக்கு ஒன்று ஆகியவற்றை மேசைமேல் வைத்து, 56 நிமிடம் வெயிலும் 36 நிமிடம் நிழலுமாக ஒரு நாள் முழுவதும் விளக்கு அணையாது காக்க முடியுமா என்று எந்தப் பாடசாலை மாணவரும் சோதித்துப் பார்க்கலாம். காத்துக் காட்டுபவர், செய்மதியைக் காக்கும் கலையில் முதற்பாடத்தைக் கற்றவராவார். அதன்பின் ஒரு மாலையில் வயல்வெளிக்கு மேலே நகரும் அந்த ஒளி நடுவானில் மறையும்போது, அது அணைந்துபோயிற்று என்று அவர் எண்ணமாட்டார். வெயிலில் சேர்த்துவைத்ததைச் சிக்கனமாகச் செலவிடத் தொடங்கியுள்ளது என்பதை அறிந்திருப்பார்.